குடிநீர்ப் பயனாளிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. ஆடியில் மட்டும் திருவிழாவை முன்னிட்டுக் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிக்காரர்களின் பெயர்களையும் அவரே வாசிக்கப்போவதாகச் சொல்கிறார்; அதில் எனக்குப் பங்கில்லை.

இவ்வாண்டின் பெரிய வேலை கோயில் மேட்டில் போட்ட ஆழ்துளைக் கிணறு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இரவு முழுவதும் துளைத்தது. விடிந்து பார்த்தால் வேப்பமரம், திண்ணை, கட்டியிருந்த மாடு எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறக் கல்மாவு. தண்ணீர் கிடைத்துவிட்டது. சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது, பழைய திறந்த கிணற்றுச் சவர் நீருக்கு இது எவ்வளவோ மேல் என்று ஊரே கொண்டாடியது. நானும் பொங்கல் வைத்தவர்களில் ஒருவன்.

நம் உறுப்பினரான ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் மட்டும் முகம் சுளித்தார். பருப்பு சீக்கிரம் வேகிறது என்றாலே தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்றார். அளவு மீறினால் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு என்ற பொருளை, சுண்ணாம்புச் சத்து இருந்தால் அது பிடித்து, கரையாத உப்பாக வீழ்த்திவிடும். அது குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில்தான், பாறையிலுள்ள கருப்பு அப்பிரகம், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு தாராளமாகக் கரைந்து வரும். தருமபுரி மாவட்டத்தில் இது புதுக் கதை அல்ல. ஆனால் நாம் நல்ல தண்ணீர் என்று மெச்சியதே அதன் அடையாளம் என்பது எனக்குப் புதிது.

சோதனைக்கு எடுத்துச் சென்ற மாதிரி முதல் முறை திரும்பி வந்தது. ஃப்ளோரைடு சோதனைக்குக் கண்ணாடிப் புட்டி ஆகாது, பாலித்தீன் புட்டிதான் வேண்டும் என்றார்கள். புட்டி என் வீட்டுத் தேன் புட்டி, தவறு என்னுடையது. இரண்டாம் முறை முடிவு வந்தது: லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல். இந்தியத் தர நிர்ணயப்படி 1 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். பழைய கிணற்று நீர் 1-க்குள் நின்றது.

ஆசிரியர் அதோடு விடவில்லை. கிணற்றடியில் குவிந்திருந்த கல்மாவைச் சலித்து, மாவு ஒரு வாளியிலும் குருணை இன்னொரு வாளியிலுமாக, பிடித்து வைத்த மழைநீரில் ஒரு வாரம் ஊற வைத்தார். சோதனைப் பெட்டியின் சிவப்புச் சாயத்தை விட்டபோது வெறும் மழைநீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. குருணை நீர் சற்றே வெளிறியது. மாவு நீர் எலுமிச்சை மஞ்சளானது. சாயத்தோடு சேர்ந்திருக்கும் சிர்க்கோனியத்தை ஃப்ளோரைடு தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் நிறம் மாறுகிறதாம். கல் அதே கல்தான். பொடியாகப் பொடியாக நீர் படும் பரப்பு பெருகுகிறது. அன்று அங்கிருந்த பிள்ளைகள் யாரும் கிரிக்கெட்டுக்குப் போகவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

தீர்வும் அதே பரப்புக் கணக்கில்தான் கிடைத்தது. ஃப்ளோரைடைக் குறைக்க, நாக்பூரிலுள்ள நீரி (NEERI) என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையைப் பின்பற்றினோம். 40 லிட்டர் வாளியில், அடியிலிருந்து சில சென்டிமீட்டர் மேலே குழாய் வைத்து, படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் மூன்றையும் அளவாகச் சேர்த்து, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். படிகாரத்திலிருந்து பிறக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடின் நுண்துகள்கள் பஞ்சு பஞ்சாகத் திரளும். அவற்றின் அளவிறந்த பரப்பில் ஃப்ளோரைடு போய் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். அளவு தப்பினால் அலுமினியம் நீரிலேயே தங்கிவிடும். ஆகவே கைக்கு வந்தபடி அள்ளிப் போடாதீர்கள். அளவுக் கரண்டி அலுவலகத்தில் கிடைக்கும்.

கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இரண்டு. தேற்றாங்கொட்டை போதாதா? போதாது. அது கலங்கலைத் தெளிய வைக்கும். கலங்கல் என்பது மிதக்கும் மண். ஃப்ளோரைடோ கரைந்த பொருள், தெளிந்த நீரிலும் இருக்கும். காய்ச்சிக் குடித்தால்? தண்ணீர்தான் வற்றும், ஃப்ளோரைடு வற்றாது; மிச்ச நீரில் அதன் அடர்த்தி கூடவே செய்யும். பல் உருவாகும் வயதில் விழுந்த கறை பிறகு போகாது என்பதால், குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு முதலில் வாளி கொடுத்தோம். இதில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. முடிவை மாற்றுவதாக இல்லை.

இனி, ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று. வாளிகளின் கசடை முதல் சில மாதங்கள் மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் கொட்டச் சொன்னவன் நான். மாசியில் அது காய்ந்து, வெள்ளைப் பொடியாய், காற்றடித்தபோதெல்லாம் அங்கன்வாடிப் பக்கம் பறந்தது. தண்ணீரிலிருந்து பாடுபட்டுப் பிடித்ததைக் காற்றில் விட்டோம். மழை வந்திருந்தால் மண்ணிலும் விட்டிருப்போம். அங்கன்வாடி ஆயா வந்து என்னிடம் பேசிய சொற்களை இங்கே எழுத முடியாது. இப்போது சிமெண்டு பூசிய, கூரை போட்ட குழி தோண்டியிருக்கிறோம். பழைய குவியலை ஈரப்படுத்தி அள்ளி அதில் சேர்த்தாயிற்று. குழி நிறைந்தால் எங்கே கொண்டுபோவது என்று ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை.

2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் நம் தெருக்களுக்கும் வருகிறது, ஆனால் நாள்தோறும் வருவதில்லை. வரும் நாளில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பிடித்து வையுங்கள். மாடு கழுவப் புதிய கிணறு இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்கள். ஏரி வரத்துக் கால்வாயைத் தூர்வாரி, பழைய கிணற்றுக்கு மழைநீர் ஊறச் செய்வது ஒன்று. மற்றது, வைகாசிக்கு முன் எல்லா அடிகுழாய்களின் நீரையும் சோதித்து, அளவு மீறியவற்றுக்குச் சிவப்பு வண்ணம் அடிப்பது. வண்ணத்துக்குப் பெயிண்ட் கடைக்காரரான நம் துணைத் தலைவர் கடன் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். தூர்வாரும் வேலைக்கு வீட்டுக்கு ஒருவர் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண்வெட்டியுடன் ஏரிக்கரைக்கு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்