ஊரில் ஃபிலிம் கிடைக்கவில்லை, மக்களே

நாகர்கோவில்
ஐப்பசி 22

அன்பு மகளுக்கு,

பெரியப்பாவின் பழைய சினிமா கேமராவில் போடும் சூப்பர் 8 ஃபிலிம் நம் ஊர்க் கடைகளில் கிடைக்குமா என்று கேட்டு நீ எழுதி மூன்று வாரம் ஆகிறது. தேடிப் பார்க்கிறேன் என்று அன்றைக்கே பதில் போட்டேன். நீ படித்துவிட்டாய் என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். மாப்பிள்ளையும் சுகமாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

தேடிய கதையைச் சொல்கிறேன். முதலில் மணிமேடைப் பக்கம் ஒவ்வொரு ஸ்டூடியோவாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட் படம், ஃபிரேம் போடுவது, அவ்வளவுதான். ஒரு பையன் மெமரி கார்டை எடுத்து நீட்டினான். மரியாதை தெரிந்த பிள்ளை, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோக்காரர்களிடம் பெரிய கடை இருக்கிறது என்றார்கள். பஸ் ஏறிப் போனேன். டிரோன் வைத்திருக்கிறார்கள், ஃபிலிமைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைப் படம் எடுப்பவர்களையும் விடவில்லை. வெயிலில் இப்படி அலையாதே என்று உன் சித்தி திட்டினாள். அலைந்தது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் கோட்டாறில் ஒரு பழைய ஸ்டூடியோ. சூப்பர் 8 என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே அந்தப் பெரியவர் எழுந்துவிட்டார். ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல் போட்ட காலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அதையும் மூடிவிட்டார்களே என்று வருத்தப்பட்டார். பிறகு மர மேசையின் அடி இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் பெட்டியை எடுத்துத் தந்தார். கோடாக்ரோம் 40, கோடாக் கம்பெனியின் பழைய கலர் ஃபிலிம். காலாவதி 1988. பணம் வேண்டாம், பிள்ளைக்குக் கொடுங்கள் என்றார். நான் வாங்கவில்லை. அதைக் கழுவும் முறையே தனி. அமெரிக்காவில் கேன்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற ஊரில் கடைசியாக இருந்த லேபும் 2010 டிசம்பரோடு கழுவுவதற்கு அந்த ரோல்களை வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போது கழுவினால் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும், அதுவும் நிச்சயம் இல்லை. இதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

ஆகவே நீ அங்கிருந்தே வாங்கி வா. கோடாக் கம்பெனி ஃபிலிம் செய்யும் ராச்செஸ்டர், உன் டொரன்டோவுக்கு ஒன்டாரியோ ஏரியின் எதிர்க்கரையில்தான் இருக்கிறது. ஏரிக்கு அக்கரையில் செய்யும் பொருளை உன் அப்பா கோட்டாறில் தேடியிருக்கிறேன். வாங்கும்போது ரிவர்சல் என்று கேட்டு வாங்கு, கழுவினால் படம் அதன் சொந்த நிறத்திலேயே தெரியும் ஃபிலிம் அது. நெகட்டிவ் வாங்கினால் புரொஜெக்டரில் போட முடியாது. ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி, பெரியப்பாவின் கேமரா வினாடிக்கு 18 ஃபிரேமில் ஓடும், 3 நிமிடம் 20 வினாடிதான் கிடைக்கும். என்ன எடுப்பது என்று முன்பே யோசித்துக்கொள். விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் விடாதே, கையால் சோதிக்கச் சொல். பெட்டியில் போட்டு அனுப்பவே அனுப்பாதே, அங்கே எக்ஸ்ரே இன்னும் பலமாக இருக்கும்.

கேமராவை உனக்காகச் சரிசெய்து வைத்திருக்கிறேன். பேட்டரி அறையில் பச்சையாகப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறில் பஞ்சை நனைத்துத் துடைத்துக் காயவைத்து, புது பேட்டரி போட்டு விசையை அழுத்தினேன். தையல் மெஷின் போல ஓடுகிறது. எட்டு வயதில் நம் வீட்டு ரேடியோவைக் கழற்றித் திரும்பவும் பூட்டியவள் நீ. உனக்குத்தான் அது சேர வேண்டும் என்று பெரியப்பாவே சொன்னார். குவைத்திலிருந்து வந்த அத்தனை சாமானில் அவர் யாரையும் தொடவிடாதது அது ஒன்றுதான்.

டிசம்பருக்கு ஒரு டிக்கெட் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். ஒன்று என்றுதான் எழுதியிருந்தாய், இரண்டு முறை படித்தேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று உன் மாமியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அப்படித்தானே? பெற்றவனிடம் நாலு வரி எழுத நேரம் இல்லாத அளவுக்கு என்ன வேலை என்று கோபமும் வந்தது. போகட்டும்.

மக்களே, அந்தப் பெரியவரிடம் சும்மா இன்னொன்றும் கேட்டேன். நம் புரொஜெக்டருக்கு பல்பு, 12 வோல்ட் 100 வாட். அதே இழுப்பறையில் கைவிட்டு எடுத்தார். 300 ரூபாய். இருபது வருடமாக இங்கேதான் கிடக்கிறது என்றார். நம் வீட்டிலிருந்து அந்தக் கடைக்கு நடந்தால் கால் மணி நேரம்.

உன் அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது, முட்டம் கடற்கரையில் அவளை எடுத்த ரீலைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டாள். ஒருமுறை அல்ல, மூன்று முறை. பல்பு போய்விட்டது, இப்போது எங்கேயும் கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். நீயும் அப்போது அறையில் இருந்தாய். நான் ஒரு கடையிலும் கேட்கவில்லை. ஒரு கடைப் படியும் ஏறாமல்தான் கிடைக்காது என்று சொன்னேன். அவள் கேட்டது பல்பை அல்ல என்று எனக்குத் தெரியும். அவளை அப்படி நடமாட்டமாகத் திரையில் பார்த்துவிட்டுக் கட்டிலைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான்காவது முறை அவள் கேட்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று கடையிலிருந்து வந்து பரணில் இருந்த அந்த ரீல் டப்பாவைத் திறந்தேன். காடி வாடை மூக்கில் ஏறியது. நம் ஊர் ஈரத்தில் ஃபிலிம் அப்படித்தான் கெடுமாம். சுருங்கி வளைந்திருக்கிறது, புரொஜெக்டரில் போட்டால் துளைகள் கிழிந்துவிடும். போடவில்லை. ஓரத்தை மட்டும் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேப்பர் படிக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒரு படம் சுண்டுவிரல் நகம்கூட இல்லை. பாறைமேல் நிற்கிறாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருக்கிறாள். சிவப்புச் சேலை இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. அடுத்த கட்டத்தில் கை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முகம் தெரியும் வரைக்கும் பிரிக்கப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

சுருங்கிய ஃபிலிமையும் ஸ்கேன் செய்யும் லேபுகள் இருக்கின்றன என்று படித்தேன். அங்கே விசாரித்து வை. திரும்பும்போது கையோடு எடுத்துப் போ. திரும்புவது எப்போது என்று நான் கேட்கவில்லை. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. எத்தனை மாதம் ஆனாலும் அது உன் அறைதான்.

பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். சித்தி மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் நேரில்.

எக்ஸ்ரேயில் விடாதே. கையால் சோதிக்கச் சொல்.

அன்புடன்
அப்பா