பக்கவாதம் வந்து வீடு திரும்புவோருக்கு வழிகாட்டுதல் கோரி மனு

அனுப்புநர்:
பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டோரின் குடும்பத்தினர்,
போடிநாயக்கனூர் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: பக்கவாத சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கு, டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே தமிழில் எழுதிய வழிகாட்டுதலும் இயன்முறை மருத்துவத் தொடர்பும் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். ஏலத்தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் கூலி வேலைக்குப் போய்ப் பிழைக்கும் குடும்பங்கள் எங்களுடையவை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்கு வாதம் வந்து கை கால் விழுந்திருக்கிறது, அல்லது பேச்சு போயிருக்கிறது. 108 வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஸ்கேன் எடுத்து, உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வாதம் வந்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது இப்போது எங்கள் ஊரிலும் பலருக்குத் தெரிகிறது. எங்கள் கோரிக்கை அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றியது.

டிஸ்சார்ஜ் அன்று கையில் கிடைப்பது ஆங்கிலத்தில் ஒரு தாளும் ஒரு பை மாத்திரையும்தான். "பயிற்சி கொடுங்க, சரியாகும்" என்கிறார்கள். என்ன பயிற்சி, யார் சொல்லித் தருவார், எத்தனை நாள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எங்களில் ஒருவரின் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, விழுந்த கையைப் பிடித்து இழுத்துத்தான் தினமும் எழுப்பி உட்கார வைத்தார்கள். தோள் மூட்டு இறங்கி, வலியில் ராத்தூக்கம் போன பிறகுதான் அந்தக் கையை இழுக்கவே கூடாது என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்னார். பக்கத்துத் தெரு அம்மாவுக்குப் படுக்க வைத்தபடியே கஞ்சி ஊட்டியிருக்கிறார்கள். விழுங்கும் தசை தளர்ந்திருந்ததால் கஞ்சி நுரையீரலுக்குள் போய், சளிக்காய்ச்சலாகி, மறுபடியும் வார்டில் சேர்த்தார்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் போதும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும் இப்படித்தான், புண் வந்த பிறகே தெரிகிறது. பிரஷர் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தியவருக்கு இரண்டாவது முறையும் வாதம் வந்திருக்கிறது.

சொல்ல ஆள் இல்லாத இடத்தில் மற்றவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். புறா ரத்தம் தேய்த்தால் கால் வரும் என்று கடன் வாங்கிச் செலவு செய்தவர்கள் எங்களில் உண்டு. கை கால் அதிகமாகத் தேறக்கூடிய முதல் சில மாதங்கள் இப்படியே கழிந்துவிடுகின்றன.

அரசுத் திட்டம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், பிரஷர், சர்க்கரை மாத்திரையும் தருகிறார்கள். 104-இல் ஆலோசனை கேட்கலாம். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அப்படியே. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், மூளை பாதிப்பால் நிரந்தரமாகப் பேச்சு இழப்பதும் ஊனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நன்றாக நடக்கிறவர், ஆனால் மனைவி பெயரைக்கூடச் சொல்ல வரவில்லை என்றால், அவருக்கும் உரிமை உண்டு. கை கால் விழுந்தவருக்குத்தான் அட்டை என்று நினைத்து அவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை.

ஆகவே அய்யா / அம்மா அவர்கள், க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், மாவட்ட சுகாதார அலுவலர், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ஆகியோரை ஒருமுறை சேர்த்து உட்கார வைத்து இதைப் பேசித் தர வேண்டுகிறோம். முதலில் வேண்டியது படம் போட்ட ஒரு தமிழ்த் தாள். எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது, எந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது, திரும்பவும் வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழைப்பது, இவ்வளவு இருந்தால் போதும். அதன் அடியில் அந்தந்த வட்டார இயன்முறை மருத்துவரின் எண் இருக்கட்டும். நோயாளி வீடு திரும்பும் தகவல் அன்றே அந்த ஊர் சுகாதாரத் தன்னார்வலருக்குப் போய்விட்டால், நாங்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

அப்புறம், ஊன மதிப்பீட்டு முகாமைப் போடியிலும் உத்தமபாளையத்திலும் நடத்தி, படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே பார்க்க ஒரு குழு அனுப்ப வேண்டும். வாடகை ஜீப் வைத்து ஒருவரைத் தேனிக்குத் தூக்கி வருவதற்கு எங்களுக்கு ஒரு வாரக் கூலி போய்விடுகிறது. பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒரு நாளாவது தாலுகா மருத்துவமனைக்கு வந்தால் பேச்சிழந்தவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

அந்தத் தாளை எழுதும்போது எங்களில் சிலரைக் கூப்பிட்டால் வருகிறோம். வார்டில் புதிதாகச் சேரும் குடும்பங்களிடம் உட்கார்ந்து பேசவும் தயாராக இருக்கிறோம். எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள குடும்பத்தினர்
இடம்: தேனி