ஆண்டவரும் தனியாக இல்லை, தம்பி

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். "சபையும் வேண்டாம், சொந்தமும் வேண்டாம், எனக்கு ஆண்டவர் ஒருவர் போதும்" என்று போனில் சொன்னாய். ஓசூர் ரூமிலேயே யூடியூபில் ஆராதனை பார்த்துக்கொள்கிறாயாம். அண்ணன் செய்தது நியாயமில்லை. மாமரத்தில் பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் உன் தண்ணீர் முறையிலும் தானே மோட்டாரை ஓட்டிக்கொண்டு, கேட்டதற்கு காவேரிப்பட்டணத்துக்காரர்கள் நாலு பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். அதை நான் பூசி மெழுகப்போவதில்லை.

ஆனால் ஆண்டவர் ஒருவர் போதும் என்கிறாயே, அந்த ஆண்டவர் யார்? சிலுவைக்குப் போகிற இரவில் இயேசு பிதாவிடம் ஜெபித்ததை யோவான் 17இல் படித்துப் பார். உலகம் தோன்றுவதற்கு முன்பே நீர் என்னில் அன்பாயிருந்தீர் என்கிறார். மலை இல்லை, மனுஷன் இல்லை, அப்போதே அன்பு இருந்தது. குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று ஆரியுஸ் என்ற குரு போதித்தபோது, கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் அதை ஏன் அவ்வளவு உறுதியாக மறுத்தார்கள்? குமாரன் இல்லாத காலம் ஒன்று இருந்திருந்தால், அப்போது பிதா யாருக்குப் பிதா? தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று யோவான் எழுதியது அந்தக் காலத்துக்குப் பொருந்தாமல் போயிருக்கும்.

இன்னொன்றும் பார். ஏதேனில் ஆதாமுக்கு ஆண்டவர் இருந்தார். பாவம் இன்னும் வரவில்லை. அப்போதுதான் "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்கிறார். சொல்வது ஆண்டவரே, தம்பி. நான் உனக்குப் போதாதா என்று அவர் ஆதாமிடம் கேட்கவில்லை.

நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த பசிலியார், தனியாகத் தவம் செய்வதே மேல் என்று நினைத்தவர்களிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. கர்த்தர் சீஷர்களின் கால்களைக் கழுவினாரே, தனியாக வாழ்ந்தால் நீ யாருடைய கால்களைக் கழுவுவாய் என்றார். உன் ரூமை நினைத்தாலே எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. யூடியூபில் பாட்டு கேட்கலாம், பிரசங்கம் கேட்கலாம். உன்னை எரிச்சல்படுத்துகிற ஒருவரைப் பொறுத்துக்கொள்ள அங்கே வழி இல்லை.

நம் கிருஷ்ணகிரிக்கு லுத்தரன் மிஷன் வந்ததும் மனுஷர்கள் நேரில் வந்து நம்மோடு வாழ்ந்ததால்தான். 1895இல் இங்கே ஊழியத்தைத் தொடங்கிய மிஷனெரி நேத்தர் ஐயர், 1904இல் இதே ஊரில் பிளேக் நோயில் இறந்துபோனார்.

இதற்காக உன் பங்கை விட்டுக்கொடு என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. பிதா குமாரன் அல்ல, குமாரன் பிதா அல்ல என்றுதான் சபையில் படித்தோம். ஒருவருக்குள் ஒருவர் இருக்கிறார்கள், ஆனாலும் ஒருவர் மற்றவரை விழுங்கிவிடுவதில்லை. அந்தச் சாயலில் உண்டாக்கப்பட்ட வீட்டில் தம்பி தம்பியாகவே நிற்கலாம், தன் முறைத் தண்ணீரையும் கேட்கலாம். அமைதி வேண்டும் என்று அநியாயத்தை முழுங்கச் சொல்கிறவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். நீ கேள். ஆனால் முகம் பார்த்துக் கேள்.

மத்தேயு 5இல், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்வதில் எனக்குப் பிடித்தது, காணிக்கை அங்கேயே காத்திருக்கிறது என்பதுதான். ஆண்டவர் தமக்குரியதைக்கூட அதுவரை தள்ளிவைக்கச் சம்மதிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு நற்கருணை ஆராதனை. சனிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடு. அண்ணனிடம் பேசிவிட்டேன், சாயங்காலம் தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். அப்பா கைப்பட எழுதிய முறைச் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவருகிறேன். அதற்கு முன்னால் நீயே அவருக்கு ஒரு போன் போடு. வாட்ஸ்அப்பில் மெசேஜ் வேண்டாம்.

உன் அக்கா