நாஃப்லியோல மீன் எடை போட்டுதான் தர்றாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கிரீஸ் போறவங்களுக்காக இதை எழுதுறேன், முடிஞ்சா போடுங்க. நாஃப்லியோன்னு ஒரு துறைமுக ஊர், 1834ல ஏதென்ஸ் தலைநகர் ஆகுறதுக்கு முன்னாடி இதுதான் தலைநகரா இருந்துச்சு. கடலுக்கு நடுவுல பூர்ட்சின்னு சின்ன கோட்டை, அதை பாத்தபடி கரையோரம் வரிசையா ரெஸ்டாரன்ட்டுங்க. நாங்க போனது காலைல காபில ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் மூடாம ஓடுற கடை, சாயங்காலம் நாலு மணிக்கு பசியோட போய் உக்காந்தோம், கிச்சன் க்ளோஸ்னு யாரும் சொல்லல, அங்க ராத்திரி சாப்பாடே ஒன்பது மணிக்கு மேலதான்ங்கறதால அந்த நேரத்துக்கு கூட்டமும் இல்ல.

கேக்காமலே பிரெட் வந்துச்சு, பில்லுல தலைக்கு இவ்வளவுன்னு அதுக்கும் காசு. அது பரவால்ல. மெனுல மீனுக்கு போட்டிருந்த விலை கிலோவுக்கு, நான் ஒரு பிளேட்டுக்குன்னு நெனச்சுட்டேன், பில்ல பாத்ததும் வீட்டம்மா என்னைய பாத்த பார்வை இருக்கே! தப்பு என்னோடதுதான், ஆர்டர் பண்றப்பவே மீனை எடை போட்டு காட்டச் சொல்லியிருக்கணும். மெனுல நட்சத்திரக் குறி இருந்தா அது ஃப்ரோசன் ஐட்டம்னு அர்த்தமாம், அதையும் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் கவனிச்சேன்.

ஆனா கரியில சுட்ட ஆக்டோபஸ், மேல ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, அவ்ளோதான், மசாலாவே இல்ல, அப்படி ஒரு ருசி!

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்