எலியை அடைத்த குழாயையும் செய்தியில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன், வை-ஃபை அலைகளால் நோய் எதிர்ப்பு சக்தி குறைகிறது, தைராய்டு கெடுகிறது, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோன் வற்றுகிறது என்று அடிக்கடி செய்திகள் வருகின்றன. கடைசிப் பத்தியில் ‘எலிகளிடம் நடத்திய ஆய்வு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த எலியை எப்படி வைத்திருந்தார்கள், அதன் உடலில் எவ்வளவு ஆற்றல் இறங்கியது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்ற விவரம் ஒன்றுகூட இருக்காது. இந்தத் துறையில் முடிவைப் புரட்டிப் போடுபவை இந்த மூன்றும்தான்.

எலி ஓரிடத்தில் நிற்காது. ஆன்டெனாவுக்கு முன்னால் அது ஓடிக்கொண்டே இருந்தால், உடல் வாங்கிய ஆற்றலைக் கணக்கிடுவது கடினம். அதனால் பல ஆய்வகங்களில் அதை பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி அடைத்து வைப்பார்கள். திரும்பிப் படுக்கக்கூட இடமில்லாத குழாய் அது. அதில் ஒரு மணி நேரம் கிடந்தாலே எலியின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோனைக் கொட்டத் தொடங்கிவிடும். நமக்குக் கார்ட்டிசோல் எப்படியோ, எலிக்கு அது அப்படி. அது ஏறினால் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் லிம்போசைட் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை இறங்கும். நாள் கணக்கில் நீடித்தால், அந்த அணுக்கள் முதிர்ச்சி அடையும் தைமஸ் சுரப்பி சுருங்கும். ஆண் எலிக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறையும். ‘கதிர்வீச்சின் விளைவு’ என்று அச்சாகும் பட்டியலில் பாதிக்கு மேல் ஆன்டெனாவை இயக்காமலே வந்துவிட்டது, பாருங்கள்.

ஆகவே ஒழுங்கான ஆய்வில் மூன்று குழுக்கள் இருக்க வேண்டும். கூண்டிலேயே விட்டுவிட்ட எலிகள் ஒன்று. குழாயில் அடைத்து அலை செலுத்தாமல் வைத்தவை இன்னொன்று. அடைத்து அலையும் செலுத்தியவை மூன்றாவது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால்தான் அலையின் வேலை என்னவென்று தெரியும். முதலாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டு முடிவு சொன்னால், அது குழாயைப் பற்றிய ஆய்வு. எலிகளைக் குழாய்க்குப் பழக்குவதற்கும் சில நாட்கள் செலவிட வேண்டும்: முதல் நாள் சில நிமிடம், பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி. எந்தக் குப்பியில் எந்தக் குழுவின் ரத்தம் என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது.

இதைவிட மலிவான முறையும் புழக்கத்தில் இருக்கிறது. கூண்டுக்கு அடியில் ஒரு செல்போனை வைத்து, அதற்கு அழைப்பு விடுத்துக்கொண்டே இருப்பது. அந்தப் போன் அதிரும், சூடாகும், சில ஆய்வுகளில் மணியும் அடிக்கும். எடுக்காத போன் எவ்வளவு அலையை வெளிவிட்டது என்பது சிக்னலைப் பொறுத்து மாறுவதால், எலிக்குக் கிடைத்த அளவு யாருக்கும் தெரியாது. உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை வாட் இறங்கியது என்று சொல்லாத ஆய்வை, எத்தனை மில்லிகிராம் கொடுத்தோம் என்று சொல்லாத மருந்து ஆய்வைப் போலத்தான் பார்க்க வேண்டும்.

ரத்தம் எடுத்த நேரம் அடுத்த சிக்கல். எலி இரவில் உலவும் பிராணி. அதற்குக் கார்ட்டிகோஸ்டிரோன் அந்தி நேரத்தில் உச்சத்தில் இருக்கும். மனிதருக்குக் கார்ட்டிசோலும் டெஸ்டோஸ்டிரோனும் காலையில் கூடுதல். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். இரவில் கூடுதல். அலை செலுத்தும் கருவி ஒன்றே ஒன்று இருக்கிறது என்பதற்காக ஒரு குழுவுக்குக் காலையிலும் மற்றதற்கு மாலையிலும் ரத்தம் எடுத்தால், ஹார்மோன் ‘மாறியதாக’ முடிவு வராமல் வேறென்ன வரும்?

வெப்பத்தைத் தனியே சொல்ல வேண்டும். இந்த அலைகளுக்கு அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்க்கும் வலு கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளுக்குள்ள ஆற்றல், அதற்குத் தேவையானதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் போதிய அளவு இறங்கினால் திசு சூடாகும். உடல் முழுவதும் சராசரியாகக் கிலோவுக்கு 4 வாட் இறங்கினால் உள்வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் கூடலாம் என்பதை அடிப்படையாக வைத்து, அதை 50-ஆல் வகுத்துத்தான் பொதுமக்களுக்குக் கிலோவுக்கு 0.08 வாட் என்று சர்வதேச வழிகாட்டு நெறிகள் வரம்பு வைத்திருக்கின்றன. 4 வாட்டில் எலியின் அழுத்த ஹார்மோன் ஏறுவது மெய். அலையே இல்லாத சூடான பெட்டியில் வைத்தாலும் ஏறும்.

நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய அச்சத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1970-80களில் அன்றைய சோவியத் ஒன்றியத்தில் நடந்த சில ஆய்வுகள், நுண்ணலை பட்ட எலிகளின் உடல் தன் சொந்த மூளைத் திசுவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உண்டாக்குவதாகச் சொல்லின. அங்கே வரம்புகள் மிகக் கடுமையாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் மாஸ்கோவிலும் பிரான்சின் போர்தோவிலும் அதே ஆய்வை மறுபடி செய்தார்கள்: 2450 மெகாஹெர்ட்ஸ், சதுர மீட்டருக்கு 5 வாட், நாளுக்கு 7 மணி நேரம், 30 நாட்கள். 2009, 2010-ல் முடிவுகள் வந்தன. பழைய முடிவு ஓரளவு சரி என்றது மாஸ்கோ. போர்தோவில் எதிர்ப்பொருள்களில் மாற்றமே தெரியவில்லை. ஒரே செய்முறைக்கு இரண்டு விடை வந்த ஆய்வை ‘நிரூபிக்கப்பட்டது’ என்றும் எழுதக் கூடாது, ‘பொய்யானது’ என்றும் எழுதக் கூடாது. இன்னொன்று: சதுர மீட்டருக்கு 5 வாட் என்பது மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட 10 வாட்டுக்குள் அடங்கும் எண்தான். ஆனால் எலியின் சிறிய உடல் அந்த அலைவரிசையை நன்றாக உறிஞ்சும். அதனால் அதன் உடலில் கிலோவுக்கு 0.16 வாட் இறங்கியது. மனிதருக்கான வரம்பைப் போல இரு மடங்கு. வெளியே எவ்வளவு அடித்தது என்பது ஒரு கணக்கு, உள்ளே எவ்வளவு இறங்கியது என்பது வேறு கணக்கு.

மெலடோனினைப் பொறுத்தவரை, தன்னார்வலர்களிடம் நடந்த கட்டுப்பாடான ஆய்வுகளில் உறுதியான குறைவு காணப்படவில்லை. படுக்கையில் கண்ணுக்கு நேரே பிடித்திருக்கும் திரையின் நீல ஒளி மெலடோனினை அமுக்கும் என்பது நன்கு தெரிந்த விஷயம். குற்றவாளி கண்ணெதிரே ஒளிவீசிக்கொண்டிருக்க, நாம் ரூட்டரை முறைத்துக்கொண்டிருக்கிறோம். தூங்குபவரின் மூளை மின்னலைகளில் சிறு மாற்றம் வருவது 1999 முதல் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. தூக்கத்தின் தரம் அதனால் கெட்டதாகத் தெரியவில்லை.

இன்னும் விடை கிடைக்காத கேள்விகளும் உண்டு. அவற்றை மூடி மறைப்பது சரியல்ல. ஆண் விலங்குகளின் இனப்பெருக்கத் திறன் குறைவதற்கான சான்று, உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2024-ல் வெளியான தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட ஆய்வு) இருக்கிறது. மனிதரைப் பற்றிய சான்று மிக வலுவற்றது என்று அதே வரிசையில் வந்த இன்னொரு தொகுப்பாய்வு சொல்கிறது. நோய் எதிர்ப்பு, ஹார்மோன் இரண்டோடும் தொடர்புடைய ஆக்சிஜனேற்ற அழுத்தம் (செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுவது) பற்றிய தொகுப்பாய்வோ, கிடைத்த சான்றுகளின் நம்பகத்தன்மை மிகக் குறைவு என்று முடிந்தது. குழாய்ச் சிக்கலைத் தாண்ட வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-ல் முடித்த ஆய்வில், அலைகள் எல்லாப் பக்கமும் பட்டுத் தெறிக்கும் உலோக அறைக்குள் எலிகளைத் தாராளமாக உலவ விட்டார்கள். நாளுக்கு 9 மணி நேரம், இரண்டு ஆண்டுகள், கிலோவுக்கு 1.5 முதல் 6 வாட் வரை. ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் தெரிந்தன; அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் உயிரோடும் இருந்தன. முதல் பாதி மட்டும்தான் பெரும்பாலான செய்திகளில் வந்தது.

இத்தனை குழப்பத்துக்கு நடுவில் அளவைக் குறைத்துக்கொள்ள விரும்புபவருக்குச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. ரூட்டரை விடக் காதோரம் இருக்கும் போன்தான் கவனிக்க வேண்டியது. 2ஜி அழைப்பில் போனின் சராசரி வெளியீடு 0.25 வாட் வரை போகும். 4ஜியில் உச்சம் 0.2 வாட். நல்ல சிக்னலில் அதில் மிகச் சிறு பங்குதான் வெளியே வரும். ஒரு கோடு சிக்னலில், லிஃப்டில், அடித்தளத்தில் பேசும்போது போன் முழு மூச்சில் கத்தும். அந்த இடங்களில் பேச்சைத் தள்ளிப்போடுங்கள், அல்லது ஸ்பீக்கரில் போட்டு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசும் என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

நட்சத்திரம், ஹேஷ், 07, ஹேஷ் என்று அழுத்தினால் பல போன்களில் எஸ்.ஏ.ஆர். அளவு, அதாவது உடலில் கிலோவுக்கு எத்தனை வாட் இறங்கும் என்ற எண், தெரியும். அது முழு வெளியீட்டில் எடுத்த எண். அது குறைவாக உள்ள போன் அன்றாடத்தில் குறைவாக அலை விடும் என்று அர்த்தமில்லை. உடலோரம் வைத்து எடுக்கும் சோதனையில்கூடப் பல போன்களைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்தே அளக்கிறார்கள். எவ்வளவு தள்ளி என்பது கையேட்டில் இருக்கும். பேன்ட் பையில் ஒட்டிக்கொண்டிருக்கும் போனுக்கு அந்த இடைவெளியும் கிடையாது. பையில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஹாட்ஸ்பாட் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கும் ஸ்டிக்கரை வாங்காதீர்கள். அது ஒன்றும் செய்யாது. செய்தால் ஆன்டெனாவை மறைக்கும், போன் இன்னும் உரக்கக் கத்தும், பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

களைப்பு, முடி கொட்டுதல், காரணமில்லாத எடை ஏற்றம் என்றால் ரூட்டரை அணைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்; டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தாவிட்டால் முடிவு தவறாக வரலாம். அலைகள் பட்டாலே உடம்புக்கு முடியவில்லை என்பவர்களிடம் 46 ஆய்வுகள் நடந்தன, 1175 பேர் கலந்துகொண்டார்கள். அலை இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. அவர்களின் தலைவலி பொய்யல்ல; காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

கடைசியாக, அலகு. 0.1 வாட் ரூட்டர் ஓயாமல் இயங்கினாலும் ஒரு மீட்டர் தொலைவில் சதுர மீட்டருக்கு 0.008 வாட் விழும். சும்மா இருக்கும் ரூட்டர் வினாடிக்குச் சுமார் பத்து முறை மட்டும் துடிப்பதால் உண்மையான சராசரி அதற்கும் வெகு கீழே. மலிவான மீட்டர்கள் அந்தத் துடிப்பின் உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சதுர மீட்டருக்கு 8000 மைக்ரோவாட் என்று காட்டும். அதையே சதுர சென்டிமீட்டருக்குச் சொன்னால் 0.8 மைக்ரோவாட். இரண்டும் ஒரே ரூட்டர், ஒரே இடம். முதல் எண்ணை அச்சிடும்போது, அதே அலகில் சர்வதேச வரம்பு ஒரு கோடி என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
அலை அளவீட்டுத் துறையில் பணியாற்றும் வாசகர்கள்