பதினெட்டாவது பேப்பர்

அன்பு மாப்பிள்ளை,

உன் இரண்டு கடிதங்களும் மேசை மேல்தான் கிடக்கின்றன. பதில் போடாததற்கு நான் காரணம் சொன்னால், உன்னுடைய அந்தக் காலத்து "கருவிக் குழாய் அடைத்துக்கொண்டது சார்" சாக்கு மாதிரிதான் இருக்கும். விடு. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். படிவத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம்: ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு? பார்த்தேன், 17. அது 18 ஆக வேண்டுமானால், என் பேப்பர்களில் 18-ஐப் பிறர் தலா 18 தடவையாவது குறிப்பிட்டிருக்க வேண்டும். பதினெட்டாவது பேப்பருக்குச் சரியாக 17 சைட்டேஷன். அதற்கு மேலே உள்ள பதினேழும் 18-ஐ எப்போதோ தாண்டிவிட்டன. இன்னும் ஒரே ஒரு புண்ணியவான் குறிப்பிட்டால் நான் 18! ஹிர்ஷ் என்கிற இயற்பியல்காரர் 2005-ல் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தார். அதற்காக ஒருவன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எண் ஏறியதா என்று பார்ப்பான் என அவர் நினைத்திருப்பாரா?

சிரி, சிரி. பட்டியலில் முதலில் நிற்பது எது தெரியுமா? அடுத்தவர் வேலைகளைத் தொகுத்து மூன்று வாரத்தில் அள்ளித் தெளித்த அந்த ரிவ்யூ. ஐந்து வருடம் உயிரைக் கொடுத்த பாதுகாப்புத் தொகுதி வேலை, அதுதான் மூலக்கூறில் வினை நடக்கக் கூடாத இடங்களை மூடி வைக்கும் வேலை, 11 சைட்டேஷனில் தூங்குகிறது.

டிஎன்ஏ இழையைச் செயற்கையாகக் கட்டும் நம் துறையின் தலையெழுத்தே இப்படித்தான் போலிருக்கிறது. காரதர்ஸ் என்கிற வேதியியல்காரரின் குழு 1981-ல் இழையை ஒவ்வொரு எழுத்தாகக் கோக்கும் பாஸ்பரமிடைட் முறையை வெளியிட்டது. இன்றைக்கும் இழை கட்டும் கருவியான சின்தசைசரில் ஓடுவது பெரும்பாலும் அந்த வேதியியல்தான். பிரைமர் என்கிற குட்டி இழையை வாங்கி, டிஎன்ஏவை நகலெடுக்கப் பிசிஆர் போடுகிற எவனாவது அதைக் குறிப்பிடுகிறானா? உப்புக்கு யார் ரெஃபரன்ஸ் போடுவார்கள்! நூறு எழுத்து (காரம்) நீளமுள்ள இழைக்கு 99 இணைப்பு. ஒவ்வொன்றும் 99 சதவீதம் நடந்தால், முழு நீளத்தில் கிடைப்பது சுமார் 37 சதவீதம். 98-க்கு இறங்கினால் 14கூடத் தேறாது. அந்த ஒரு சதவீதத்துக்காகத்தானே நாம் நாய் படாத பாடு பட்டோம்? அது எந்த இன்டெக்ஸில் ஏறும்?

சரி, புலம்பல் போதும். உண்மையில் எழுத வந்தது வேறு.

பதினெட்டாவது பேப்பர் எது என்று இன்னும் ஊகிக்கவில்லையா? அந்த ஆரஞ்சு ராத்திரியுடையதுதான். ஒவ்வொரு சுற்றிலும் அமிலம் ஓடியதும், இழையின் நுனியை மூடியிருக்கும் டிரிட்டைல் தொகுதி கழன்று ஆரஞ்சாக இறங்க வேண்டும்; நிறம் வெளுத்தால் இணைப்பு சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். ஏழாவது சுற்றில் வெளுத்தது, எட்டாவதில் வெறும் தண்ணீர் நிறம். நான் என் மூலக்கூறில்தான் கோளாறு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீதான் கரைப்பானான அசிட்டோநைட்ரைல் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "ஈரம்டா, இதில் தண்ணீர் இருக்கிறது" என்றாய். ஈரத்தை உறிஞ்சும் மாலிகுலர் சீவ் மணிகளைப் போட்டு வைத்துவிட்டு மறுநாள் திரும்ப ஓட்டினோம். கடைசிச் சுற்று வரை அதே ஆரஞ்சு. சோடாபுட்டி அதைக் குடிக்கிறேன் என்று பந்தயம் கட்டினானே!

நேற்று அந்தப் பேப்பரைத் திறந்து பார்த்தேன். ஆசிரியர் பெயர்களில் நீ இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இரண்டு வரியிலும் இல்லை. லேப் பெரியவர் உன் பெயரை அடித்துவிட்டார் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நன்றி வரிகளை எழுதியவன் நான். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. உன் பெயரைப் போட்டால், "அவன் என்ன செய்தான்?" என்று கேட்பார், விளக்க வேண்டும், எனக்கே தெரியாமல் போன ஒன்றை நீ கண்டுபிடித்தாய் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டேன். நீயும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பேப்பரில் 34-வது ரெஃபரன்ஸாக நானே அதைச் செருகியிருந்தேன். தேவையே இல்லாத இடம். இன்று காலை எடுத்துவிட்டேன். உன் ரிவ்யூவிலும் அதைச் சேர்த்துவிடாதே. உன் தாராளம் எனக்குத் தெரியும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். கட்டத்தில் 17 என்றே போடப்போகிறேன்.

அப்புறம், புதிய பேப்பரில் கரைப்பானை உலர்த்தும் பகுதி வருகிறது. அங்கே உன் பெயரைப் போட்டு நன்றி எழுதியிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து இது என்ன கூத்து என்று தோன்றினால் சொல், எடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும், அதற்குள் பதில் போடு. திட்டுவதானால் போனில் வேண்டாம், எழுதியே திட்டு.

உன்,
ஈரப் பாட்டில்