விரல் பதியாத பாட்டிமாரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்

நியாயவிலைக் கடைகளை நடத்தும், மேற்பார்வை செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களில் பேரன் பேத்தி எடுத்த பெண்களின் சார்பில் இந்த மடல். கடந்த மாதக் கடைசி நாளிலும் சில கடைகளில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் மடித்த பையை மடித்தபடியே கொண்டு திரும்பினார்கள். "பாட்டி, மெஷின் எடுக்கல. நாளைக்கு வந்து பாருங்க" என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். நாளைக்கு என்றால் அடுத்த மாதம். போன மாத அரிசி போனதுதான். பருப்பையும் பாமாயிலையும் அடுத்த மாதம் சேர்த்து வாங்க சில வேளை அனுமதி வரும், சில வேளை வராது.

2020 அக்டோபரில் கைரேகை முறை வந்ததிலிருந்து நடப்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே முறையை விளக்கப் போவதில்லை. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: விரல் பதியவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரையும் பொருள் கொடுக்காமல் அனுப்பாதீர்கள்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டில் மூத்த பெண்ணையே குடும்ப அட்டையின் தலைவியாக வைக்கச் சொல்கிறது. நல்ல சட்டம். அதனால் எத்தனையோ அட்டைகளில் பாட்டியின் படம் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டிலேயே ரேகை மிகவும் தேய்ந்த விரல் அவளுடையதுதான். அது ஏன் தேய்ந்தது என்று அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் தோடு உடைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரிக்கொட்டையின் தோட்டுக்குள் இருக்கும் கறுத்த எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும். கட்டையால் தட்டி உடைப்பவர்கள் இடதுகைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கொட்டையைப் பிடிப்பார்கள். வலது கையால் தட்டி, விரல்நுனியால் பருப்பைப் பிரித்தெடுப்பார்கள். சாம்பலைத் தேய்த்துக்கொண்டாலும் எண்ணெய் கசியத்தான் செய்யும். கறுத்த தோல் உரியும், புதுத்தோல் வரும், அதுவும் உரியும். முப்பது வருடம் இப்படி உரிந்த இரண்டு விரல்களில் ரேகை என்று சொல்ல என்ன மிஞ்சும்? பருப்பின் மேல்தொலியை உரிக்கும் பீலிங் பிரிவில் எண்ணெய் குறைவு என்றாலும், நகமும் விரல்நுனியும் நாள் முழுக்க உராய்ந்துகொண்டேயிருக்கும். கடையில் முதலில் வைக்கச் சொல்வதும் இதே பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும்தான்.

கடலோரத்துக்கும் காயலோரத்துக்கும் போனால் தேங்காய் மட்டையான தொண்டைத் தல்லிக் கயிறு திரித்தவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் தண்ணீரில் அழுகிய தொண்டைக் கட்டையால் அடித்துப் பிரித்து, சகிரி நாரை விரலிடுக்கில் ஓடவிட்டுத் திரிப்பது அந்த வேலை. அம்மிக்கல்லில் அரைத்தது போல விரல்நுனி மழுங்கிப்போகும். பனைத் தொழில் வீடுகளில் அக்கானி என்னும் பதநீரைக் காய்ச்சியவர்களுக்கு வேறு பாடு. அக்கானி புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசுவார்கள். தினமும் அந்தக் கலயங்களைக் கழுவுவதும், பாகு பதம் வரும்வரை அடுப்படியில் நின்று கிண்டுவதும், சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பதும் பெண்கள்தான். சுண்ணாம்பு தோலின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர்ப்பாலை ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடித்த கைகளும், சந்தையில் உப்பிலும் ஐஸிலும் ஊறிய மீன்காரப் பெண்களின் கைகளும் இதே கணக்கில் வரும். இந்த மாவட்டத்தின் முந்திரிப்பருப்பும் கயிறும் கருப்பட்டியும் அந்த விரல்களில் இருந்துதான் வந்தன.

பருவமும் அவர்களுக்குத் துணை நிற்பதில்லை. கும்ப, மீன மாதங்களில், அதாவது மாசி பங்குனியில், வறண்ட காற்றில் விரல்நுனி வெடிக்கும். கருவியில் விழும் ரேகை துண்டு துண்டாக இருக்கும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நனைந்த கை. ஈரத்தில் ஊறிச் சுருங்கிய தோலில் மேடும் பள்ளமும் ஒன்றாகக் கலங்கித் தெரியும். அந்த மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், கூடவே மின்வெட்டும் சிக்னல் இல்லாத நேரமும் வரும். இரண்டு மழையும் பெய்யும் இந்த ஊரில் கருவிக்கு ஒத்த விரல் வருடத்தில் எத்தனை மாதம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விற்பனையாளர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. வரிசை நீள நீள அவர்களும் "நல்லா அமுக்குங்க பாட்டி" என்கிறார்கள். அந்த யோசனையே தவறு. ரேகையின் மேடு கண்ணாடியைத் தொடும் இடத்திலும் பள்ளம் தொடாத இடத்திலும் ஒளி திரும்புவது வேறுபடும். அந்த வேறுபாடுதான் படமாகிறது. முதுமையில் மேடு ஏற்கெனவே தாழ்ந்து, தோலும் தளர்ந்திருக்கும். பலமாக அமுக்கினால் எல்லாமே கண்ணாடியில் ஒட்டிப் படம் கறுத்துப்போகும். விரலைச் சுவரில் தேய்க்கச் சொல்வதும் கெடுதலே, இருப்பதும் போகும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொருவர் வைத்த பிறகும் கண்ணாடியை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். முன்னவருடைய எண்ணெயும் வியர்வையும் அதில் படிந்திருக்கும். வெயில் நேராக விழும் மேசையில் கருவியை வைக்கக் கூடாது. வறண்ட விரலானால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, சிறிது பொறுத்து, நன்றாகத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். நனைந்த விரலானால் உலர வேண்டும், அதற்கு உட்கார இடம் வேண்டும். விரல்நுனியைக் குத்தி வைக்காமல், ரேகைச் சுழி கண்ணாடியின் நடுவில் வரும்படி படுக்கவைக்க வேண்டும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்தவர்களுக்கு மோதிர விரலும் நடுவிரலும் பெரும்பாலும் ஓரளவு தப்பியிருக்கும், அவற்றை முதலில் பாருங்கள். எந்த விரல் எடுத்ததோ அதை அட்டையின் உறையில் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த மாதம் பத்து விரலையும் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

கருவிழிக் கருவி இருக்கிறதே என்பீர்கள். அது வேலை செய்யும் கடைகளில் பெரிய உதவி, மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இமை தொங்கினால் விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்து, முகத்தில் வெயில் படாமல் நிறுத்தினால் பெரும்பாலும் எடுத்துவிடும். புதிதாகப் புரை அறுவை செய்தவர்களுக்குச் சில வாரம் எடுக்காமல் போகலாம். ஆனால் கருவி மேசையின் இழுப்பறைக்குள் பூட்டியிருந்தால் அதனால் என்ன பயன்?

"ஆதாரைப் புதுப்பித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்புவதும் தீர்வாகாது. தேய்ந்த ரேகையைப் புதுப்பித்தால் தேய்ந்த ரேகைதான் பதிவாகும். பெரும்பாலும் கருவிழியைப் புதிதாக எடுப்பதற்குத்தான் அந்த அலைச்சல் பயன்படும். செல்பேசி எண்ணுக்கு ஓடிபி வரும் என்கிறீர்கள். அட்டையில் பதிந்த எண் யாருடையது? பல வீடுகளில் துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் மகனுடையது. கடையில் எண்ணைத் தட்டும் நேரத்தில் அவன் வேலையில் இருப்பான், எடுத்துச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடும். அட்டையிலுள்ள வேறு ஆளை அனுப்பலாமே என்றால், மகன் வெளிநாட்டில், மருமகள் திருவனந்தபுரத்தில் வேலையில், பேத்தி விடுதியில். தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன ஆண்கள் கரைக்கு வர வாரக்கணக்காகும். 2025 ஆகஸ்டில் வீட்டு வாசலுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது மகிழ்ந்தோம். அது முதியவர்களின் அட்டைக்கு. மகன் பெயரும் மருமகள் பெயரும் அட்டையில் இருக்க, வீட்டில் தனியே கிடக்கும் பாட்டி பழையபடி கடைக்குத்தான் நடக்கிறாள். வாசலுக்கு வந்தாலும் அதே கருவிதான் வருகிறது.

ரேஷன் கடையோடு இது முடிந்திருந்தால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டோம். மாதாமாதம் முதியோர் உதவித்தொகையைக் கையில் தருபவரும் விரலைத்தான் கேட்கிறார். கேஸ் இணைப்புக்கு விரல். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதை நவம்பரில் நிரூபிக்கப் போனாலும் பல இடங்களில் விரலைத்தான் கேட்கிறார்கள், அதுவும் துலா மழை கொட்டும் மாதத்தில். ஊரே பார்த்து அறிந்த ஒரு கிழவியை, எதிரில் நிற்கும்போதே, யாரென்று தெரியாது என்று ஒரு பெட்டி சொல்ல, மனிதர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். இது எங்களைச் சுடுகிறது.

கைரேகை ஒத்துவராததால் உரியவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது என்பது 2018 செப்டம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஆதார் தீர்ப்பிலேயே இருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

ஆகவே தயவுகூர்ந்து இவற்றைச் செய்யுங்கள். விரல் எடுக்காவிட்டால் கருவிழி, அதுவும் எடுக்காவிட்டால் அட்டையைச் சரிபார்த்துப் பதிவேட்டில் கையெழுத்தோ அடையாளமோ வாங்கிக்கொண்டு அன்றைக்கே பொருள் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவை ஒவ்வொரு கடைச் சுவரிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அப்படிக் கொடுத்த விற்பனையாளரிடம் பின்னால் இருப்புக் கணக்குக் கேட்டு மிரட்டாதீர்கள், அந்தப் பயத்தில்தான் அவர்கள் கொடுக்கத் தயங்குகிறார்கள். நேரில் வர முடியாதவர்கள் வேறொருவரை அனுப்ப அங்கீகாரச் சான்று என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதன் படிவத்தைக் கடையிலேயே வைத்து, கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர் அதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டியிருந்தால், அந்தச் சான்று யாருக்கு? கடையில் ஒரு பெஞ்சு போடுங்கள். பழுதான கருவிகளை மாதக் கடைசி வாரத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். கருவி கோளாறால் விடுபட்டவர்களுக்கு அந்த மாத ஒதுக்கீட்டை அடுத்த மாதம் முதல் வாரம் வரை நீட்டிக் கொடுங்கள்.

விரல் பதியாதவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். இந்த மாதம் முடிவதற்குள் உத்தரவு கடைகளுக்கு வந்து சேர்ந்தால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்களின் பாட்டிமாரும் அவர்களுக்காக வரிசையில் நிற்பவர்களும்